எனக்கு, மோலா, மிர்

ஹாலே நகரில் மாலை வகுப்பு, ஜனவரி.
ரேடியேட்டர் இரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிறது.
'நான் குளிராக இருக்கிறேன்' என்று
ஸ்காட்லாந்துக்காரர் எழுதியதை
சிவப்பில் சுழித்தார் ஃப்ராவ் ஹென்ஷல்:
அப்படிச் சொன்னால் உங்கள் நெஞ்சு கல் என்று பொருள்.
மிர் இஸ்ட் கால்ட்.
குளிர் உங்களுக்கு. நீங்கள் குளிர் அல்ல.

வகுப்பு விழித்தது.
நான் விழிக்கவில்லை.
நான்காம் வேற்றுமை, உருபு கு,
ஆறாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தது.
கடைசி வரிசையில் இன்னொருத்தியும் விழிக்கவில்லை.
மெல்லச் சொல்லிப் பார்த்தாள்:
மோலா ஜாட் லாகத் ஹே.

கேமின் நிஷாத்.
மகாநதிக் கரையிலிருந்து வந்து
இங்கே முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.
பதிவு அலுவலகத்தில் தாய்மொழி கேட்டார்களாம்.
சத்தீஸ்கரி என்றாளாம், இரண்டு தரம்.
அதிகாரி பணிவாகத்தான் தேடினார்.
பட்டியலில் இல்லை. இந்தியை அழுத்தினார்.
ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல்
ஒரு விரல் நுனியில்.

"இந்தி இல்லை. அவதிக்குத் தங்கை" என்றாள்.
அவதிக்குத் தமிழில் என்ன பொருள் என்று
நான் சொல்லவில்லை.

சுவரில் மொழிக் குடும்ப மரம் தொங்கியது.
ஃப்ராவ் ஹென்ஷலுக்கு அதில் தடித்த கிளை.
கேமினின் கிளையில் அவள் இலையை
அச்சடிக்க மறந்திருந்தார்கள்.
எனக்கு அந்த மரமே இல்லை.
ஆனாலும் இந்தக் குளிர்
மூன்று பேருக்கும் ஒரே வாசல் வழியாக வருகிறது.

அவள் தெருவில் பாதி வீடுகளில் கோண்டி பேசுவார்களாம்.
தண்ணீருக்கு யேர். இதற்கு, என்று நீட்டினாள்,
சோப்பில் வெடித்த விரல்கள்,
கய்.
கையா?
கய்.
கையையே பார்த்துக்கொண்டிருந்தோம் கொஞ்ச நேரம்.

டிராம் நிறுத்தத்தில் பனி.
"இங்கே மன் என்றால் யாரோ ஒருவர்.
எங்கள் ஊரில் சொல்லுக்குப் பின்னால் மன் வைத்தால்
ஒன்று பலவாகிவிடும். லைக்கா பையன்,
லைக்காமன் பையன்கள். ஹமன் என்றால் நாங்கள்."

நாங்களா, நாமா?

புரியவில்லை அவளுக்கு.
விளக்கினேன்: கேட்கிறவரை வெளியே விட்டால் நாங்கள்,
உள்ளே சேர்த்தால் நாம்.
உன் ஹமனில் நான் இருக்கிறேனா?

உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்,
பல்லில் சிக்கியதைத் துழாவுவதுபோல.
ஏழாம் எண் டிராம் வந்துவிட்டது.
"தெரியல," என்றாள் ஜெர்மனில்,
"யாரும் இதுவரை கேட்டதில்லை",
சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தபடி.