பெயரில் ஓர் எழுத்து

புளி உலுக்கும் மாதம்.
அரூரில் ஏறிய பேருந்து
மலை வளைவில் முனகுகிறது.
மடியில் ஐஸ் பெட்டி. காலடிப் பையில்
சோதனைக் குழாய்கள் ஒன்றோடொன்று
பேசிக்கொண்டே வருகின்றன.

சித்தேரி சுகாதார நிலையத்தில்
விரல்நுனியில் ஒரு குத்து,
கரைசலில் ஒரு சொட்டு, ஐந்து நிமிடம்.
குழாய்க்குப் பின்னால்
கோடு போட்ட அட்டையைப் பிடிப்பேன்.
கோடு தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம்.
கலங்கி மறைந்தால்
பெஞ்சில் உட்காரச் சொல்வேன்.

பவழம் உட்கார்ந்தாள்.
பதினாலு வயது.
முட்டிக்குள் யாரோ கண்ணாடி அரைக்கிறார்களாம்.
“சாமை அறுக்கையில வந்தாகூட லீவு போட்டுக்கலாங்க்கா,
கணக்குப் பரீட்சையில வருது.”

அப்பா தீர்த்தகிரிக்கும் கலங்கியது.
அம்மா குப்பாயிக்கும்.
இருவரும் ஒரு நாள் படுத்ததில்லை.
ஆளுக்குப் பாதி வைத்திருந்தார்கள்,
வைத்திருப்பது தெரியாமல்.
இரண்டு பாதியும் இறங்கியது இவளிடம்.
தம்பிக்குக் கோடு பளிச்சென்று தெரிந்தது.
அக்காவைப் பார்த்துவிட்டு
அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்த தீர்த்தகிரி
வெகுநேரம் நிமிரவில்லை.
“வட்டமா இருக்குது எல்லாம்.
நடுவுல இது மட்டும் நம்ம கருக்கருவா.”
பிறகு, மெதுவாக:
“யாரு செஞ்ச தப்புங்க?”

என்ன சொல்வது?
முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று மாறியிருக்கிறது.
மலைக்காய்ச்சல் வீடுவீடாய்
ஆள் எடுத்த காலத்தில்
அந்த மாற்றத்தில் பாதி இருந்தவர்களை
அது அவ்வளவாக அண்டவில்லை.
தப்பு செய்தவர்கள் இல்லை அய்யா,
தப்பியவர்கள்.
நீங்கள் அவர்கள் பிள்ளை.

மதியம் டவர் கிடைக்கும் பாறையருகே
டாக்டர் நிலோபர் போனில் படித்துக் காட்டினார்.
வெளிநாட்டில் ஒரு பெண்ணுக்கு
எலும்புமஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து
மரபணுவை வெட்டித் திருப்பிச் செலுத்தினார்களாம்.
வருடமாகிறது, வலி வரவில்லை.
மாறிய எழுத்தைத் திருத்தியிருப்பார்கள்
என்று நினைத்தேன்.
இல்லை. அதைத் தொடவே இல்லை.

தாய் வயிற்றில் நமக்கு ஓடுவது வேறு ரத்தம்.
பிறந்த சில மாதத்தில்
உடம்பு அதன் வாயை அடைத்துவிடுகிறது.
அடைக்கும் விசையைத்தான் வெட்டினார்கள்.
முப்பது வயதில் அவளுக்கு
கருவிலிருந்த நாளின் ரத்தம் ஊறுகிறது.

விலை கேட்டேன்.
டாக்டர் எதிர்மலையைக் கைகாட்டினார்.
இந்த வருடப் புளி, அடுத்த வருடப் புளி,
மரங்கள், மரம் நிற்கும் மண்,
எல்லாம் விற்றாலும் ஊசி தூரத்தில்.
“ஆனா இங்க இருக்கற மாத்திரையும்
அதே பழைய ரத்தத்தைத்தான்
கொஞ்சம் கூப்பிடுது. விடாம சாப்பிடணும்.
தண்ணி நிறைய.”

மாத்திரை இலவசம்.
வலி வந்து படுத்தால் காப்பீட்டு அட்டை வேண்டும்.
அட்டையில் பவழம், ஆதாரில் பவளம்.
இரண்டும் சரிதான் என்று
எந்த அகராதியும் சொல்லும். கணினி சொல்லாது.

அதனால் மறுவாரம் அரூரில்,
இ-சேவை மைய வரிசையில்
அவளும் நானும் நிற்கிறோம்.
முன்னால் பதினோரு பேர்.
தண்ணீர் பாட்டிலை இரண்டாம் முறை
நிரப்பி வந்தவள்
சுவரில் ஒட்டிய தாளை
எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்:
பெயரில் பிழைத்திருத்தல், ரூபாய் அறுபது.

“பிழைத்து இருத்தல்” என்று
பிரித்துச் சொல்லிவிட்டு
என்னைப் பார்க்கிறாள்.
“அறுபது ரூபாதானாக்கா?”

சிரிக்கிறாள்.
வரிசை ஒரு ஆள் நகர்கிறது.
வலது காலைக் கொஞ்சம் பார்த்து வைக்கிறாள்.