கால் பங்கு

நான் சீட்டுப் போடுகிறவள்.
மேசையில் வாய் திறக்கக் கூடாது என்பது வேலையின் முதல் விதி.
அதனால் அங்கே சொல்லாததையெல்லாம்
விடிகாலைப் பனியில் வண்டி சூடாகும் பத்து நிமிடத்தில்
முன்கண்ணாடியிடம் சொல்லித் தீர்க்கிறேன்:

நான்கு சீட்டு தருவேன். நான்கையும் காதலிக்காதே.
கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று,
ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
மூன்று ராஜா வந்ததென்று முகம் மலர்கிறவனிடம்
ஒரு ராஜா வாடகை தராமல் குடியிருக்கிறான்.

ஏழு எட்டு ஒன்பது பத்து,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பதுபோல் வரிசையாய் வரும்.
பார்க்க அழகு. மடக்கிப் போடு.
மேலுக்கும் எட்டாது, கீழுக்கும் இறங்காது.

ஆஸும் இரண்டும் வந்தால் சிரிக்கலாம்.
மூன்றும் துணைக்கு வந்தால்தான் தூங்கலாம்.
மேசையில் இன்னொரு இரண்டு விழுந்த நொடியில்
உன்னுடையது செல்லாக்காசு.

எட்டைத் தாண்டாத மூன்று சீட்டு மேசையில் இல்லையென்றால்
கீழ்ப்பாதி என்று ஒன்று கிடையவே கிடையாது,
அந்த இரவுக்கு அப்படி ஒரு ஊரே இல்லை.
பாதிக்காக வண்டி கட்டாதே.
முழுசுக்குக் கிளம்பு, வழியில் பாதி கிடைத்தால் ஏற்றிக்கொள்.

இதெல்லாம் வெர்னா ஸ்டானிசிச்சுக்குத் தெரியும்.
ஓடெல் கிரிம்ஸ்லிக்கும் தெரியும்.
பதினொரு வருடம் ஒரே கூரை.
பிறகு பியூட் நீதிமன்றத்தில்
வீடு பாதி, லாரி பாதி, கடன் பாதி.
புதன்கிழமையை மட்டும் யாரும் கேட்கவில்லை போலும்.
மதுக்கடையின் பின்னறைக்கு இருவரும் வருகிறார்கள்,
இரண்டாம் நாற்காலி, ஆறாம் நாற்காலி,
பூட்ஸிலிருந்து பனி உருகி
மேசைக்கடியில் ஒரே குட்டையாகிறது.

இன்று மூன்று, ஆறு, எட்டு விழுந்தது.
மூன்றும் எட்டும் ஆட்டின்.
பிறகு யாருக்கும் உதவாத ஒரு ராணி.
கடைசியில் ஆட்டின் ராஜா.

வெர்னா கட்டினாள். ஓடெல் அதன்மேல் ஏற்றினான்.
நடுவில் எய்னோ ஹார்யு,
சுரங்கம் மூடிய பின் அதிகம் பேசாதவர்,
ஏற்றவுமில்லை, விலகவுமில்லை,
கேட்டதைக் கொடுத்துக்கொண்டே வந்தார்
தேவாலயத்தில் தட்டு வரும்போது கொடுப்பதுபோல.

திருப்பினார்கள்.
அவளிடம் ஆஸ், இரண்டு. அவனிடமும் ஆஸ், இரண்டு.
எய்னோவிடம் ஆட்டின் ஆஸ், ஆட்டின் ஜாக்கி.

அறையின் பங்கு போகக் குவியலில் எண்பத்தாறு.
மேல்பாதி நாற்பத்து மூன்று எய்னோவுக்கு.
மீதியைப் பிளந்தேன்:
இருபத்தொன்று. இருபத்தொன்று.
ஆளுக்கு இருபத்தேழு போட்டவர்கள்.
வென்றார்கள். வென்று ஆறு டாலர் தோற்றார்கள்.

எதிரில் இன்னொரு ஆஸ் இரண்டு இருக்கும் என்று
மோப்பம் பிடித்தால் ஏற்றாதே, முன்கண்ணாடியே.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
இங்கே ஆளுக்கு ஒரு கால்,
நிற்க முடிந்தால் நின்றுகொள்.

ஒரு சில்லு மிஞ்சியது.
விதி இதற்கும் உண்டு: பொத்தானுக்கு இடப்பக்கம் முதல் ஆள்.
வெர்னாவின் பக்கம் தள்ளினேன்.

அவள் தொடவில்லை.
“பிப் சாப்பிடுகிறானா?” என்றாள், சில்லைப் பார்த்து.
“கோழி மட்டும்,” என்றான் ஓடெல்.
“ராத்திரி கதவைப் பார்த்துத்தான் படுக்கிறான்.”

லாரியைக்கூட விற்றுப் பிளந்த நீதிபதி
நாயிடம் வந்தபோது பேனாவை மூடிவைத்தாராம்.

ஒற்றை விரலால், அவசரமில்லாமல்,
அவள் அந்தச் சில்லை மேசையின் குறுக்கே நகர்த்தினாள்.
ஒருவர் காசு இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது,
அதுவும் விதிதான்.

எய்னோ தன் நாற்பத்து மூன்றை மறுபடி எண்ணத் தொடங்கினார்.
நான் தலை குனிந்து
அடுத்த கைக்குச் சீட்டைக் கலைத்தேன்,
ஏழு தடவை போதும்,
இன்று பதினைந்து தடவை.