துளைக்காத வியாழன்

நேற்றிரவு இஞ்சேராவில் பழகினேன்.
கண்ணாடித் தம்ளரின் வாயில்
ஈரம் காயாத ஒரு துண்டை இழுத்துக் கட்டி
ஊசியால் மெல்ல அழுத்தினால்
முதலில் அது கூடாரமாய்க் குவியும்.
குவிந்தவுடன் குத்தாதே,
கூடாரம் எழுந்த இடத்தைப் பார்
என்கிறது கையேடு.
மிஞ்சிய பயிற்சியைக் குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டு
ஃபிரேஹிவோட் தூங்கப் போனாள்.

வுபித்துக்கு வயது பத்தொன்பது.
டெப்ரே பிர்ஹானில், போர்வை ஆலையில்,
நூல்கண்டு சுமப்பவள்.
ஏழு வயதில் ஒரு தொண்டைவலி
வந்தது, போனது.
போகும்போது வால்வை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.
சட்டைப் பொத்தான் நுழையும் அளவுக்குத்தான் இப்போது வழி.
மூன்றாம் படியில் மூச்சு முட்டும்,
நான்காம் படியைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.
லிஃப்ட் ஓடாத எங்கள் எட்டு மாடிக்கு
அவளைத் தூக்கி வந்தவர்கள்
அண்ணனும், முன்பின் தெரியாத ஒரு டாக்சிக்காரரும்.

எங்கள் கடிகாரத்தில் காலை மூன்று மணி,
மானிட்டரில் ஒன்பது.
கருவிகளுக்கு அவை பிறந்த ஊரின் கணக்கு.
அடிஸ் அபாபாவில் எங்களுக்கோ
சூரியன் எழும்போதுதான் எண்ணிக்கை தொடங்கும்.
ஆறைக் கூட்டியும் கழித்தும்தான்
இங்கே யாரும் டாக்டராகிறோம்.

ஐந்தாம் முறையாகக் கழுவிய பலூன் தட்டில் இருந்தது.
மின்சாரம் போய் வந்தது,
யாரும் தலை நிமிரவில்லை.

தொடைச் சிரை வழியே ஏறி
வலது மேலறையில் நின்றேன்.
திரையில் சின்னச் சின்ன மேடுகள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தேங்கிய ரத்தம் முட்டிக்கொண்டு நிற்கிறது,
இந்தப் பக்கம் என் ஊசி.
முன்னால் சரிந்தால் பெருந்தமனி.
பின்னால் சரிந்தால் இதயத்துக்கே வெளியே,
அங்கே உறைக்குள் கசியும் ரத்தம்
இதயத்தை அதன் ரத்தத்திலேயே அமிழ்த்தும்.

ஊசி தடுக்கியது
கையேடு சொன்ன இடம்தான்.
ஆனால் எக்கோவில் கூடாரம் எழவில்லை.
இஞ்சேரா இப்படிச் செய்ததே இல்லை.
கீழே இறக்கி, மறுபடி. மறுபடி.
மூன்றாம் முறை அழுத்த அலை
தட்டையாகப் படுத்துக்கொண்டது.

தள்ளு என்றது தோள்.
பார்த்தது முப்பத்தேழு, உதவியது பன்னிரண்டு,
செய்யப்போவது இதுதான் முதல்.
கண்ணாடிக்குப் பின்னால்
வெள்ளிக்கிழமை விமானம் ஏறவிருக்கும் பேராசிரியர்.
வாசலில் அண்ணன்.
இத்தனை பேரும் சேர்ந்து தள்ளினார்கள் என் தோளை.

விரல் மட்டும் சேரவில்லை.

இழுத்துக்கொண்டேன்.
இன்று வேண்டாம் என்று
யாரோ சொன்னது கேட்டது, என் குரல்தான்.
டாக்டர் ஃபெக்காடு
திட்டவுமில்லை, தட்டிக்கொடுக்கவுமில்லை.
ஈய அங்கியின் பட்டையைப் பிரித்துக்கொண்டே
அடுத்த கேஸ் யார் என்றார்.

வுபித் முழுக்க விழித்துத்தான் இருந்தாள்.
முடிந்ததா?
இல்லை.
செத்துவிடுவேனா?
இன்றைக்கு இல்லை.
சிரிப்பு வந்தது அவளுக்கு,
மூச்சு போதாமல் பாதியில் விட்டாள்.
அப்படியென்றால் பசிக்கிறது, என்றாள்.

மாலையில் பதிவேட்டைத் திறந்தேன்.
தேதிக்கு இரண்டு இடம்:
எங்கள் வருடத்துக்கு ஒன்று,
ஏழெட்டு வருடம் முன்னால் ஓடும் வருடத்துக்கு ஒன்று.
பிறகு, பார்த்தது, உதவியது, செய்தது.
நிறுத்தியதற்குக் கட்டம் இல்லை.
கட்டங்களுக்கும் தையல் நூலுக்கும் நடுவே
விரலகல வெள்ளையில் எழுதினேன்:
வுபித். சுவர் தடிப்பு. கூடாரம் எழவில்லை.
எந்த எண்ணிக்கையிலும் சேராது அது.
ஆனாலும் தேதி போட்டேன், இரண்டையும்.

அறைக்கு வந்தால்
ஃபிரேஹிவோட் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருப்பாள், எட்டாம் மாடியில்
சுவர்களுக்குக் காது உண்டு.

இம்முறை இரண்டு இஞ்சேராவை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து
இழுத்துக் கட்டினேன்.