மூன்றேகால் கிலோ

கிளிநொச்சிக் கடையில் தர்மிகன்
மெல்லிசானதைத்தான் முதலில் காட்டினான்.
"பூப்போலக் கிடக்கும், அக்கா, கையில."
எனக்கு மேசையில் கிடக்கவேணும், தம்பி.
மல்லாவியில் கரண்ட் போனால்
வரைந்த வீடு பாதிச் சுவரோடு நின்றுவிடும்.
பழைய கம்பியூட்டர் அப்படித்தான்
இரண்டு குசினிகளை விழுங்கியது.

றாம் முப்பத்திரண்டு. பிறகு கூட்ட இடம் இருக்கா?
அடிமூடியைக் கழற்று, ஃபேன் பார்க்கவேணும்,
புழுதி ஊர் எங்களுடையது.
பத்து வருசம் இழுக்குமா?
ஆறு, என்றான். நேர்மையான பிள்ளை.

"மூன்றேகால் கிலோ! இதை ஆர் காவுறது?"
சிரித்தான்.
ஆரும் இல்லை, இனி இது அசையாது என்றேன்.

என்றாலும்
காசு எண்ண முதல் ஒருக்கா
ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தேன்,
மற்றக் கையில் மகன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு.