ஐம்பது கிராம்

கூரியரில் வந்த கட்டையைக் கையில் வாங்கியதும்
பெட்டி காலியோ என்றிருந்தது.
செங்கல் நீளம், பன் பாக்கெட் கனம்.
நூருல் முகர்ந்து பார்த்து
"மரம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்றாள்.

விதிகள் நாற்பத்திரண்டு பக்கம்.
நாங்கள் மனப்பாடம் செய்தது ஒரே வரி:
காரின் எடை ஐம்பது கிராமுக்குக் குறையக் கூடாது.
கூடலாம். கூடினால் தோற்போம், அவ்வளவுதான்.

ரெஜினாவின் அப்பா துறைமுகத்தில்
ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர்.
அவர் பையிலிருந்து அறுநூறாம் நம்பர் உப்புத்தாள்
அவருக்குத் தெரியாமல் வந்தது,
தெரிந்த பிறகும் வந்தது.

மூன்று வாரம் தேய்த்தோம்.
மூக்கைத் தேய்த்தோம், முதுகைத் தேய்த்தோம்,
விரல் ரேகையும் கொஞ்சம் போனது.
மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் மாதிரி
வெள்ளைத் தலையோடு டியூஷன் போனோம்.
வாயு சிலிண்டருக்குப் பின்னால் துளை போடும்போது
முதல் கார் பிளந்தது.
அதற்கு மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னோம்.
இன்னும் சொல்கிறோம்.

காய்கறிக்கடைத் தராசு இதற்கு உதவாது.
மில்லிகிராம் பேசும் தராசு
முதுநகரில் எங்களுக்குத் தெரிந்து அடகுக்கடையில்தான்.
நான் வாசலிலேயே நின்றேன்.
ஜூன் மாதம் அம்மாவோடு உள்ளே போயிருக்கிறேன்:
தோடு ஒரு ஜோடி, கல் நீக்கி மூன்று புள்ளி எட்டு.
"கல்லுக்குக் கழிச்சுடுவோம்" என்ற அதே குரல்
இப்போது கேட்டது, "இதுக்கு எவ்வளவு வேணும்?"
"பணம் வேணாம் சார், எடை மட்டும்" என்றாள் நூருல்.
மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி மூடியைத் தூக்கி,
தங்கம் வைக்கிற தட்டில் காரை வைத்தார்.
ஐம்பது புள்ளி மூன்று.
வாசலுக்குக் கேட்கும்படி இரண்டு தரம் சொன்னார்.

போட்டி புதுச்சேரியில்.
கன்னியகோயில் தாண்டும்வரை என் மடி,
அதற்கப்புறம் ரெஜினா மடி.
அரங்கில் ஏசி, பல் கிட்டுகிற குளிர்.
நடுவர் மேஜையில் வைத்தார்கள்:
நாற்பத்தொன்பது புள்ளி ஏழு.

அறுநூறு மில்லிகிராம் எங்கே போகும்?
அடிப்பக்கத்துக்கு நாங்கள் பெயிண்ட் அடிக்கவில்லை,
யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று.
கடலூர்க் காற்று அந்த வழியாக ஏறி உட்கார்ந்து
அடகுக்கடைத் தட்டில் எங்களோடு சேர்ந்து எடை நின்றிருக்கிறது.
இங்கே வந்ததும்
டிக்கெட் எடுக்காதவர் இறங்குகிற மாதிரி
சத்தமில்லாமல் இறங்கிவிட்டது.

ஐந்து நிமிடம் தந்தார்கள்.
பென்சில் முனை என்றாள் ரெஜினா.
நூருல் வாயிலிருந்த பபிள்கம்மை எடுத்தே விட்டாள்.
என் காதில் கவரிங்.
இடது திருகாணியைக் கழற்றினேன்.
பின் அச்சுக்குமேல் ஒரு பள்ளம், ஒரு சொட்டுப் பசை.
ஐம்பது புள்ளி ஒன்று.
நடுவர் என் காதைப் பார்த்தார்,
பிறகு விதிப் புத்தகத்தைப் பார்த்தார்,
ஸ்டிக்கர் ஒட்டினார்.

இருபது மீட்டர். நூலில் கோத்த கார்.
டப்.
நூருல் கண்ணைச் சிமிட்டினாள்,
அவளுக்குப் போட்டி அதோடு முடிந்தது.
ஒன்று புள்ளி நான்கு நான்கு நொடி.
முப்பத்தொரு அணிகளில் பதினேழாவது.
பரிசு வாங்கிய காருக்குப் பக்கத்தில் போய்
ரொம்ப நேரம் நின்றோம்.
அதன் அடியிலும் பெயிண்ட் இருந்தது.

வீட்டில் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தாள்.
துளையில் ஒரு ஈர்க்குச்சி.
"திருகாணி எங்கடி?"
"கார்ல."
வாங்கி, தலைகீழாக்கி, குலுக்கிப் பார்த்தாள்.
"இதையாவது வட்டியில்லாம மூட்டிக் குடு."

மூட்டவில்லை.
கார் ஜன்னல் கட்டையில் நிற்கிறது,
பெயிண்ட் இல்லாத வயிறு கடல் பார்த்தபடி.
இந்நேரம்
ஐம்பது புள்ளி ஏழு இருக்கும்.