ஜன்னல் காசு

பதினேழு பேர்.
மாதம் ஐந்நூறு, பத்தொன்பது மாதம்.
தாம்பரம் சானடோரியத்தில் காலர் தைக்கிறவர்கள்,
பட்டன் வைக்கிறவர்கள், நூல் வெட்டுகிறவர்கள்.
ஆளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
டெல்லி, ஆக்ரா. போக விமானம், வர ரயில்.
நோட்டு என்னிடம் இருந்தது.
அதுதான் நான் செய்த தப்பு.

ஜன்னல் சீட்டுக்குச் சண்டை வந்து
சாப்பாட்டு வேளையில் பேர் எழுதிக் குலுக்கினோம்.
நூர்ஜகானுக்கு விழவில்லை.
தனியாக இருநூறு ரூபாயை என் கையில் திணித்தாள்:
"யாராச்சும் கடைசி நேரத்துல பயந்துக்குவாங்க.
அந்த ஜன்னல் எனக்கு."

ஏப்ரல் எட்டாம் தேதி கிளம்ப வேண்டியது.
மார்ச் கடைசியில் கம்பெனி கேட்டைப் பூட்டினார்கள்.

ரோஸ்லின் டிராவல்ஸ் தேவசகாயம்
முதல் வாரம் போனை எடுத்தார்.
"பிளைட்டுக்காரன் எனக்குக் குடுத்தா
அந்த நிமிஷமே உங்களுக்கு" என்றார்.
இரண்டாம் வாரம் அவர் மனைவி எடுத்தாள்.
மூன்றாம் வாரம்
அரசாங்கத்தின் இருமல் மட்டும் கேட்டது.

பிறகு விமானக் கம்பெனியின் மெசேஜ்:
உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது,
ஒரு வருடத்துக்குள் எந்த ஊருக்கும் பறக்கலாம்.
அன்றைக்கு நாங்கள்
கடப்பேரியில் அடுத்த தெருவுக்குப் போக
போலீஸிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

கொடுத்த பணத்தைக் கேட்பதில் பதினாறு விதம்.
தெய்வானை வாசலில் நின்று
முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டாள்.
எமிலி கேட்கவில்லை.
பையனை அனுப்பி அரை டம்ளர் சர்க்கரை வாங்கினாள்,
மறுநாளும் அரை டம்ளர்.
செண்பகவல்லியின் புருஷன்
என் வீட்டு முன்னால் பைக்கை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.
பாக்கியலதா செய்யாறிலிருந்து பேசினாள்.
என் உடம்பை விசாரித்தாள், பிள்ளைகளை விசாரித்தாள்,
வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
எனக்குப் புரிந்தது.

என் பணமும் அதில்தான் மாட்டியிருக்கிறது என்று
சொல்லலாம்தான்.
அவள் கமிஷன் வாங்கியிருப்பாள் என்ற பேச்சு
அதற்குள் ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தது.

ஜூனில் ஒரு காலை, தெருவில் வெங்காய வண்டி.
ஒலிபெருக்கியில் தெரிந்த குரல்.
சீட்டெல்லாம் கழற்றிய வேன்,
பக்கவாட்டில் இன்னும் 'கொடைக்கானல் - மூணாறு',
வரைந்த அருவிக்கு மேலே முருங்கைக்காய்க் கட்டு.
என்னைப் பார்த்ததும் மைக்கை அணைத்தார் தேவசகாயம்.
ஓடிப்போகவில்லை.
"காசு இல்லம்மா. காய் இருக்கு.
கழிச்சுக்குங்க."

அப்படித்தான் ஆக்ரா
எங்களுக்குக் கிலோ கணக்கில் வந்தது.
நோட்டில் புதுப் பக்கம் போட்டேன்.
எமிலி, வெங்காயம் மூன்று, தக்காளி இரண்டு.
தெய்வானை, உருளை நாலு கிலோ,
அதில் அழுகல் அரைக் கிலோ, கணக்கில் சேராது.
விலையில் தகராறு:
திருமழிசை விலையா, தெரு விலையா?
"தாஜ்மகாலுக்குக் கட்டுன காசுக்கு
இந்தத் தக்காளியா?" என்று செண்பகவல்லி கத்த,
அவர் பேசாமல் ஒரு சுரைக்காயை எடுத்து
அவள் கூடையில் வைத்தார்.
அதையும் எழுதினேன்: சுரைக்காய், இனாம்.

மிச்சம் வந்தது பொங்கல் கழித்து,
விமானக் கம்பெனி பிடித்தது போக.
ரயில் காசு முன்னாலேயே வந்துவிட்டதாம்,
வேன் தவணைக்குப் போய்விட்டதாம்.
யாரும் கேட்காமல் அவரே சொன்னார்.
ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் எண்ணிக் கொடுத்தேன்.
பாக்கியலதாவின் நம்பர் அணைந்தே இருக்கிறது.
அவள் கவர் என் பீரோவில், சேலைக்கு அடியில்.

மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய ஹாலில்
நோட்டை மூடிவிடலாம் என்று
நூர்ஜகானிடம் இருநூறை நீட்டினேன்.
வாங்கவில்லை.
காலர் மடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்
"பாக்கின்னு எழுதி வை" என்றாள்.

எழுதி வைத்திருக்கிறேன்.
நூர்ஜகான், ஜன்னல், 200.