மோன் ஃப்ரேர்

முத்தியால்பேட்டையில் கரண்ட் போன மதியம்
ஒரே வரியில் நிற்கிறேன்.
ஆயிரத்து ஐந்நூற்று இருபது.
பிரான்சு மன்னர் இங்கிலாந்து மன்னரை
அழைக்கிறார்: மோன் ஃப்ரேர்.

அண்ணனா, தம்பியா?
பிரெஞ்சுக்கு அந்தக் கவலை இல்லை.
பிறந்த வருடம் பார்த்தேன்,
இங்கிலாந்துக்காரர் மூன்று வயது மூத்தவர்.
ஆனால் 'அண்ணா' என்று போட்டால்
இவர் மேலே அவர் கீழே என்று வரக்கூடாதென
பள்ளத்தாக்கின் இரு கரையையும்
மண்வெட்டியால் சமன் செய்தவர்களின் முதுகுவலி
வீணாகிவிடும்.

பொன்னிழைக் கூடாரங்கள்,
ஒயின் கொட்டும் ஊற்று,
கட்டித் தழுவல்.
இரண்டே வருடத்தில் படையெடுப்பு.

உடன்பிறப்பே?
மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.

காகிதம் பறக்காமல் இருக்க
மேலே வைத்திருப்பது ஒரு தடித்த உறை.
நெல்லித்தோப்பு வீட்டில் பாதி கேட்டு
ரெயூனியனிலிருந்து கஸ்பார் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ்.
நாற்பது வருடம் என்னை
'டேய் சவரி' என்றே கூப்பிட்டவன்.
இதில் எழுதியிருக்கிறான்:
'மதிப்பிற்குரிய சகோதரர் அவர்களுக்கு.'

மூத்தவனும் இல்லை, இளையவனும் இல்லை.
எந்தப் பக்கமும் சாயாத சொல்.

பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
கரண்ட் வந்ததும் தட்ட வேண்டும்.